மறைகல்

அந்த இடத்தில் குதிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. மேலே எடுக்க எதுவும் இல்லை, எதிரி இல்லை, தாண்டப் பள்ளமும் இல்லை. முன்னால் ஏறி இறங்கும் முள்தூண் கீழே போகும்வரை சும்மா நிற்பதற்கு ஒரு சின்ன மேடை, அவ்வளவுதான். கிவாகோ நின்றாள். அவள் நின்றாளே தவிர, கட்டைவிரல் எப்போதும் போலத் தன் பாட்டுக்குக் கன்ட்ரோலர் பொத்தானை இரண்டு முறை தட்டியது. திரையில் இருந்த குட்டி உருவம் இரண்டாம் முறை எம்பியபோது வெறும் காற்றில் தலை இடித்தது. 'டொக்'. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கல் முளைத்தது. இடித்த வேகத்தில் உருவம் சறுக்கி முள்ளில் விழுந்து செத்தது.

நாக்கைச் சொடுக்கி, "ச்சே," என்றாள்.

மறைகல் அவளுக்குப் புதிதில்லை. பழைய தாவல் விளையாட்டைப் பிரித்துப்போட்டு, ரசிகர்களே புதிய லெவல் செய்து ஒருவரை ஒருவர் வதைத்துக்கொள்ளும் இந்த உலகத்தில் மறைகல் இல்லாத லெவல் உப்பில்லாத சோறு. ஆள் எங்கே தாவுவான் என்று யோசித்து, சரியாக அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கல்லை வைக்க வேண்டும். தலையில் இடித்த பிறகுதான் அது இருப்பதே தெரியும். ஆனால் எல்லாரும் தாவும் இடத்தில்தான் வைப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பது கிவாகோவின் கெட்ட பழக்கம். உலகத்தில் வேறு யாருக்காக அங்கே ஒரு கல்லை வைப்பார்கள்?

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

செப்டம்பர் புயல் ஜப்பானின் தென்கரையில் முரோட்டோ முனையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் மீன் ஆலைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையிலேயே புயல் கதவுகளை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டதால், பட்டப்பகலிலும் அந்த வாடகை வீட்டுக்குள் இருட்டு குந்தியிருந்தது; காற்று ஒவ்வொரு முறை மோதும்போதும் பலகைகள் வரிசையாகக் கடகடத்து, முன்கட்டிலிருந்து சமையலறை வரை ஓடி, அங்கே குளிர்பெட்டியின் முனகலோடு கலந்து அடங்கின; பாயின் கோரை வாசத்துக்கு அடியிலிருந்து ஈரத் துணியை மடித்து வைத்தது போன்ற ஒரு வாடை விட்டுவிட்டு வந்தது. அவள் தொலைக்காட்சிக்கு முன் தரை மெத்தையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் படுக்கை வைக்கும் ஆழமான சுவர் அலமாரி, மர இழுப்புக் கதவோடு. பக்கத்தில் பாதி கடித்த சோற்று உருண்டை, ஆறிப்போன பார்லித் தேநீர், இவாகிரியின் குரல் வரும் மடிக்கணினி.

இவாகிரி தொலைவில் மியசாகி ஊர்க்காரர். இந்த லெவல் போட்டியின் மூன்று நடுவர்களில், அவளைப் போல, அவரும் ஒருவர். பல வருடப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை; இன்னும் மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மூணாவது திரையிலயா? அங்க மறைகல்லே இல்லியே," என்றார்.

"இருக்கு. இப்பத்தான் மண்டையில இடிச்சுச்சு."

"சும்மா நிக்கிற எடத்துல எதுக்குங்க குதிச்சீங்க? ஒரு எடத்துல நிக்கவே மாட்டீங்களா? கால்ல எறும்பா?"

"கையில."

அவர் சிரித்தார். பிறகு, "அது சரி, ஜலதோஷமா கிவாகோ சான்? மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது," என்றார்.

கிவாகோவின் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. "காத்து," என்றாள்.

போட்டிக்கு வந்த மற்ற லெவல்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. மாலைக்குள் அனுப்ப வேண்டும். செய்தவர் பெயர் முடிவு வரும்வரை நடுவர்களுக்குத் தெரியாது. லெவலின் பெயர் மட்டும் தெரியும். இதற்கு 'தெரிகிறது' என்று பெயர். என்ன பெயரோ. நடுவர்களில் ஒருவர்கூட முடிக்காவிட்டால் லெவல் போட்டியிலிருந்து நீக்கப்படும். கிவாகோவோ நடுவராக வந்த நாள் முதல் முடிக்காத லெவலுக்கு மதிப்பெண் போட்டதில்லை, முடிக்காமல் எதையும் விட்டதுமில்லை. ஆலையில் அவளை யாருக்கும் பெரிதாகத் தெரியாது, தெருவில் அதுவும் இல்லை. இந்தச் சின்ன உலகத்தில் மட்டும் 'விடமாட்டாள்' என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை ஒரு ஊமைக் கல்லுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

செத்தாள். செத்தாள். மறுபடி செத்தாள். ஏணியில் ஏறும்போது தேவையில்லாமல் இடப்பக்கம் ஒதுங்குவாள், இடப்பக்கம் கல். தரை தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அடுத்த தாவலுக்கு அழுத்திவிடுவாள். அதற்கென்றே ஒரு பலகை அப்போது விலகியது. கோபம் வயிற்றிலிருந்து தோளுக்கு ஏறி, தோளிலிருந்து விரலுக்கு இறங்கியது. கன்ட்ரோலர் வியர்வையில் வழுக்கியது. இவ்வளவு கேவலமாக அவள் எந்த லெவலிலும் அடிவாங்கியதில்லை; திட்டக்கூட முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சாவும் அவள் தப்புதான்.

தேநீர் ஊற்றிக்கொள்ள எழுந்தபோது அலமாரிக் கதவு ஒரு கை அளவு திறந்திருந்ததைப் பார்த்தாள். காலையில் படுக்கையை உள்ளே வைத்துச் சாத்திய ஞாபகம். காற்று வீட்டை உலுக்குகிற உலுக்கலில் எந்தக் கதவுதான் நிற்கும்? தள்ளிச் சாத்தினாள். ஈர வாடை அங்கேதான் அதிகமாக இருந்தது.

திரும்பி வந்தபோது இவாகிரி பேசிக்கொண்டிருந்தார்.

"...எழுந்து போறேன்னு சொல்லக் கூடாதா? நான்பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், நீங்க ம்ம் ம்ம்னு கேட்டுட்டிருந்தீங்க."

"நான் சமையக்கட்டுல இருந்தேன்."

"அப்ப யாரு ம்ம் போட்டது?"

"விளையாடாதீங்க, இவாகிரி சான். ஏற்கெனவே எரிச்சல்ல இருக்கேன்."

"சத்தியமாங்க..." என்று தொடங்கி, அவர் அதை விட்டுவிட்டார். "சரி, சொல்லிடறேன். நான் இந்த லெவலக் கைவிட்டுட்டேன். அஞ்சாவது திரையில வழியே இல்ல. மத்த நடுவரும் முடிக்கலன்னு எழுதிட்டாரு. நீங்களும் எழுதிட்டுச் சாப்பிட்டுத் தூங்குங்க."

"முடியாது."

"பிடிவாதம்."

"ஆமா."

ஐந்தாம் திரையில் உண்மையிலேயே வழி இல்லை. மூன்று பக்கமும் சுவர், நடுவில் அடி தெரியாத குழி. மோதினாள், தேடினாள், ஒவ்வொரு சதுரத்திலும் தலையை இடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கடைசியில் அவளுக்கு வரும் அந்தக் கோபம் வந்தது. அந்த நேரத்தில் அவள் செய்வது ஒன்றுதான்: உருவத்தை வேண்டுமென்றே ஓடவிட்டு, "போய்ச் சாவு!" என்று குழிக்குள் தள்ளிவிடுவாள். தள்ளினாள்.

உருவம் சாகவில்லை.

விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. திரை கீழே நகர்ந்தது. அடியில் ஒரு சிறிய மேடை, மெத்தை போல நிறம் பூசியது, அதைத் தாங்கிக்கொண்டது. அதன் பக்கத்தில் வழி திறந்திருந்தது.

நிதானமாக விளையாடுகிற எவனும் இங்கே வரமாட்டான். வெறுத்துப்போய்க் குழியில் குதிக்கிறவளுக்கு மட்டும்தான் இந்த வழி. ஓடிவந்து, இந்த வேகத்தில், இந்த ஓரத்திலிருந்து. அவளுக்கு மட்டும்.

"இவாகிரி சான், வழி கெடச்சிருச்சு. குழிக்குள்ள."

"அடப்பாவி! கண்டுபிடிச்சீங்களா?" பிறகு ஒரு குறும்புச் சிரிப்பு. "இல்ல, முன்னாடியே தெரியுமா? ஒத்துக்கோங்க. இத செஞ்சதே நீங்கதானே?"

"என்ன ஒளறுறீங்க?"

"கைவிட்டவன் செஞ்சவரோட வீடியோவப் பாக்கலாமில்ல, நான் பாத்தேன்."

லெவலை அனுப்புகிறவர் அதைத் தானே முடித்துக் காட்டும் வீடியோவைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது சட்டம். முடிக்கும்வரை, அல்லது கைவிடும்வரை, நடுவர் அதைப் பார்க்கக் கூடாது.

"கொஞ்சந்தான் பாத்தேன். மைக்க அணைக்க மறந்துட்டாங்க போல. செத்தா 'ச்சே'ன்னு நாக்கச் சொடுக்குற சத்தம், அச்சு அசலா உங்களுது. பின்னால உங்க வீட்டுக் குளிர்பெட்டி முனகுது. ஆனா ஒண்ணு, நீங்க மைக்குக்குத் தூரமா இருக்கீங்க. கிட்டத்துல ஒரு மூச்சு. அது யாரு கிவாகோ சான்? வீட்ல ஆள வச்சுக்கிட்டு எங்ககிட்ட சொல்..."

அதோடு இணைப்பு அறுந்தது. செல்பேசிக் கோபுரம் விழுந்திருக்க வேண்டும். கைபேசியிலும் சிக்னல் கோடு இல்லை.

போன வருடம் சில மாலைகளில் விளையாடியதை இணையத்தில் ஒளிபரப்பியிருந்தாள். யாரோ வேலையற்றவன் அந்தச் சத்தத்தை எடுத்து ஒட்டியிருக்கிறான். அப்படித்தான். அவள் பழக்கங்களையும் அதில் பார்த்துத்தான் படித்திருக்கிறான். பார்த்து...

பார்த்து என்ற சொல்லில் மனசு தடுக்கியது. தோற்ற லெவல்களுக்கெல்லாம் அவள் வழக்கமாக எழுதும் குறிப்பு ஒன்று உண்டு. எத்தனை பேருக்கு எழுதினாளோ, நினைவில்லை. 'விளையாடுகிறவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை. முதலில் அதைப் பாருங்கள், பிறகு கல்லை வையுங்கள்.' எல்லா நடுவர்களும் எழுதுவதுதான். ஆளை நினைத்துச் செய் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேறு என்ன அர்த்தம்?

'தெரிகிறது.'

வெளியே ஊர் ஒலிபெருக்கி யாரும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லி, பாதியில் காற்றில் கிழிந்து போனது. வாசலுக்குப் போகவேண்டும் என்றால் அலமாரியைக் கடந்துதான் போகவேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் வெட்கமாகவும், வெட்கம் கோபமாகவும் மாறியது. ஒரு கோமாளியின் லெவலுக்குப் பயந்து, முடிக்காமல் விட்டு, புயலில் தெருவில் ஓடுவதா? முடிப்பாள். முடித்துவிட்டுப் பூஜ்யம் போடுவாள்.

கடைசித் திரை. முள், இடைவெளி, முள். நிற்கும் இடத்தில் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தாள். ஏணியில் வலப்பக்கம் ஏறினாள். தரை தொட்டபின் அழுத்தினாள். ஒவ்வொரு பழக்கத்தையும் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு கல்லும் முளைக்கவில்லை. பின்னால் பலகைகள் கடகடத்தன, ஓய்ந்தன. ஓய்ந்த பிறகும் ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்தது. மரத்தில் மரம் உரசி. அவள் திரையையே பார்த்தாள்.

கொடி. தொட்டாள்.

வெற்றி இசை எழுந்தது. கிவாகோ கன்ட்ரோலரை விடவில்லை. கெட்டிக்காரர்கள் கொடிக்குப் பின்னால்தான் கடைசிப் பொறியை வைப்பார்கள். இசை கேட்டதும் ஆள் கையைத் தளர்த்துவான். அந்த நேரத்தில் கொல்வார்கள். அவளுக்குத் தெரியாததா? இமைக்காமல் காத்திருந்தாள். உருவம் நடந்தது. ஒன்றும் விழவில்லை. ஒன்றும் முளைக்கவில்லை. நடந்து நடந்து திரையின் விளிம்பைத் தாண்டியது. இசை முடிந்தது. திரை கறுத்தது.

அவ்வளவுதான். முடித்துவிட்டாள்.

"போடா!" என்று கத்தினாள். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே பின்னால் சாய்ந்தாள். ஒவ்வொரு லெவலை முடித்ததும் சாய்வது போல. யோசிக்காமல்.

முதுகு பாயில் பட்டது.

தலை படவில்லை.

பாய்க்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், தலை நின்றது. மெத்தென்று. ஈரமாக. இரண்டு முழங்கால்கள், சேர்த்து மடித்து, சரியாக அவள் தலை விழும் இடத்தில்.

கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு விடவில்லை. அவளுக்கு மேலே ஒரு மூச்சு நிதானமாக வந்து போனது.

நெற்றியில் ஒரு சொட்டு நீர்.

குளிர்ந்த விரல்கள். அவசரமில்லை அவற்றுக்கு. அவள் முகத்தில் விழுந்திருந்த மயிரை, ஒவ்வொரு இழையாக, ஒதுக்கத் தொடங்கின.