அலமாரி மாப்பிள்ளை

மூன்று மணிக் காட்சிக்கு ஒரு மணிக்கே அந்தப் பழைய அரங்கத்துக்குப் போய்விட்டோம். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த இடம். ஈரச் சாக்கு வாடை மூக்கில் ஏறியது. எங்களுக்குத் தேவையான மர அலமாரி மேடையின் நடுவே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. தூக்கிவரும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

நான் நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவன். மறைவாக முக்காலியில் உட்கார்ந்து, யார் தடுமாறினாலும் அடுத்த வரியைக் கிசுகிசுப்பேன். இருபது வருஷப் பழக்கம். வீட்டில் யாராவது பேச்சை இழுத்தால்கூட நானே முடித்துவைக்கிறேன் என்று மனைவி திட்டுவாள்.

நாடகம் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஓரங்க நகைச்சுவை. மாமனாருக்குப் பயந்து மாப்பிள்ளை அலமாரிக்குள் ஒளிவான். மாமனார் தட்டி, "உள்ளே யாரு?" என்பார். "யாருமில்லை!" என்று உள்ளிருந்து பதில் வரும். அவ்வளவுதான் கதை. எழுதியவர் மாப்பிள்ளையைத் தையல்காரனாக வைத்தார். தழுவியவர்கள் வக்கீலாக்கினார்கள், வாத்தியாராக்கினார்கள். நாங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக்கினோம். அலமாரியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மாப்பிள்ளை வேஷக்காரருக்கு அன்று காய்ச்சல். என் தம்பியை இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு.

"அண்ணா, அடைச்ச இடம்னாலே எனக்கு ஆகாது. வேற யாரையாவது பாரேன்."

"அஞ்சு நிமிஷம்டா. ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறே!"

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான்.

அரங்கு நிறைந்திருந்தது. தம்பி அலமாரிக்குள் போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அதற்குப் பூட்டோ தாழ்ப்பாளோ கிடையாது.

மாமனார் தட்டினார். "உள்ளே யாரு?"

மறுபடியும் தட்டினார்.

நகத்தால் பிறாண்டும் சத்தம்.

"அண்ணா, திற."

அந்த வரி பிரதியில் இல்லை. வசனத்தை மறந்துவிட்டு உளறுகிறானே என்று எரிச்சல்தான் வந்தது எனக்கு. அலமாரிக்குப் பின்னால் போய்ப் பலகை இடுக்கில் வாயை வைத்தேன். "யாருமில்லைன்னு சொல்லுடா."

"இங்கே வேற யாரோ இருக்காங்கண்ணா. மூச்சு முட்டுது. திறண்ணா."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"யாருமில்லை. சொல்லித் தொலை, யாருமில்லை!"

பிறாண்டல் நின்றது.

"யாருமில்லை" என்றது ஒரு குரல்.

அது என் தம்பி குரல் இல்லை.

மாமனார் கதவை இழுத்தார். சுலபமாகத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. ஏதோ மாயவித்தை என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

போலீஸ் அந்த அலமாரியைப் பலகை பலகையாகப் பிரித்துப் பார்த்தது. மேடைத் தரையைத் தோண்டியது. ஒன்றும் கிடைக்கவில்லை. "உன்கூடத்தானேடா வந்தான்?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். அடுத்தவருக்கெல்லாம் வரி எடுத்துக் கொடுத்தவனுக்கு அம்மாவிடம் சொல்ல ஒரு வரி இல்லை.

பதினோரு மாதம் கழித்து இன்னொரு குழு அதே நாடகத்தை வேறு ஊரில் போடுவதாகக் கேள்விப்பட்டேன். அடித்துப் பிடித்து ஓடினேன்.

"தயவுசெஞ்சு அலமாரிக்குள்ள ஆளை விடாதீங்க" என்று இயக்குநரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"பதறாதீங்க சார். எங்க தழுவல்ல மாப்பிள்ளையே மேடைக்கு வரமாட்டார். அலமாரியும் துணியில வரைஞ்சதுதான்."

அப்பாடா என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மாமனாராக நடித்தவர் படத்தைத் தட்டுவதுபோலப் பாவனை செய்தார். "உள்ளே யாரு?"

"அண்ணா, திற."

சிரிப்பு வெடித்தது.

மேடைக்குத் தாவி அந்தத் துணியைக் கிழித்தேன். பின்னால் செங்கல் சுவர். இரண்டு கையாலும் அதை அறைந்தேன். நானும் நாடகத்தில் ஒரு ஆள் என்று நினைத்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

என் உள்ளங்கைக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அவனும் தட்டினான்.

திரையை இறக்கிவிட்டார்கள்.