வால் கம்பி

1974, மாசி மாதம். கடலடியில் முத்துச் சிப்பிகள் விளையும் பாறைத் திட்டுகளான பார்களை மேலிருந்து படமெடுக்கும் வேலை. முந்தின வருடம் இதே விமானத்தோடு கடலில் விழுந்து விமானி ரோச் இறந்துபோனதால், அந்த வேலை எனக்கு வந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பின்னாலிருந்த சிறு ஓடுதளத்தில், கடலிலிருந்து மீட்டுச் சரிசெய்த விமானம் புதுப் பெயின்டில் மின்னியது. உள்ளே மட்டும் அழுகிய சிப்பியின் வாடை.

“கம்பியெல்லாம் புதுசு, கிளாட்வின் தம்பி,” என்றார் முதலாளி தாணுலிங்கம்.

நம்பிப் பறந்தேன்.

சிறு விமானத்தில் எல்லாமே எளிமை. கையிலிருக்கும் கோலை இழுத்தால், இருக்கைக்கு அடியில் ஓடும் எஃகுக் கம்பி வாலிலுள்ள பலகையை உயர்த்தும், மூக்கு நிமிரும். ஆயிரம் அடி உயரத்தில் முதுகுக்குப் பின்னால் ‘டங்’கென்று ஒரு சத்தம். கோல் தொளதொளத்தது. மூக்கு கடலை நோக்கிக் கவிழ்ந்தது.

இழுத்தேன். பயனில்லை.

சிப்பி வாடை நெருங்கி வந்தது.

“கோலை விடுலே.”

பக்கத்து இருக்கையில் யாருமில்லை.

“சக்கரத்தைத் திருப்பு. அதுக்குத் தனிக் கம்பி.”

உண்மைதான். பலகையின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு உண்டு. முழங்காலருகே உள்ள சக்கரம் அதை அசைக்கும். தகடு கீழே சாய்ந்தால், காற்றே பலகையை மேலே தள்ளிவிடும். திருப்பினேன். மூக்கு மெல்ல நிமிர்ந்தது. என்ஜின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுதளத்தைப் பிடித்தேன்.

தரையைத் தொட்டபோது அந்தக் குரல் பல்லைக் கடித்தபடி சொன்னது.

“அன்னைக்கும் இதே கம்பிதாம்லே.”

மெக்கானிக் சிவசுப்பிரமணியன் வாலைத் திறந்தான். துருவேறிய கம்பி. தோணிக்காரர்கள் கயிற்றைப் பிணைப்பதுபோல, இழைகளைக் கோத்துப் பின்னியிருந்த இடம் பிரிந்து கிடந்தது. கயிறு நனைந்தால் உப்பி இறுகும். எஃகு உப்பாது, வழுகும்.

“ரோச் அண்ணன் விழுந்தப்ப அறுந்த அதே கம்பி சார். தோணிக்காரன வச்சுப் பின்னச் சொன்னது முதலாளிதான்.”

“புதுசுன்னு சொன்னீரே ஓய்!” என்று கத்தினேன். “செத்தவன் குரல் கேட்டு உயிரோட வந்திருக்கேன்.”

“வந்துட்டீருல்லா? திரும்பப் பின்னினா ஆச்சு. நாளைக்கு நீரு பறக்கலைன்னா வேற ஆளு.” தாணுலிங்கம் சிரித்தார். “ஓட்டத் தெரியாம விழுந்தவன் பேசுதானாக்கும்! இந்தா, நானே உக்காருதேன். எங்கிட்டப் பேசச் சொல்லும்.”

ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

உச்சி வெயில். காய்ந்த மணலில் நின்றது விமானம்.

கண்ணாடியின் உட்புறத்தில் கலங்கிய நீர் ஏறியது.

அவர் மார்புவரை.

கழுத்துவரை.

நான் ஒரு நொடி அசையாமல் நின்றேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். பிறகுதான் ஓடினேன்.

கதவின் கைப்பிடி திரும்பவில்லை. உள்ளிருந்து ஒரு கை அதை இறுகப் பிடித்திருந்தது.

தாணுலிங்கத்தின் இரண்டு கைகளும் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தன.