சாமான் வண்டியை முடித்தவள்

கடைசி நிலையை முடித்ததும் செந்தாமரை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொத்தம் பதினோரு நிலைகள், நாற்பது நிமிடம். வீடு மாறும் ஒரு குடும்பத்தின் சாமான்களைச் சின்ன வண்டியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பதினோராம் நிலையில் மட்டும் எப்படி அடுக்கினாலும் ஒரு பொருள் மிஞ்சும். எதை விட்டுப் போவது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அவள் பீரோவை இறக்கிவிட்டு, சக்கரம் கழன்ற நடைவண்டியை ஏற்றினாள்.

"யாருடி செஞ்சது இதை? கால்ல விழணும் போல இருக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, "நீதான்" என்றாள்.

செந்தாமரை நெற்றியைத் தடவினாள். மறப்பியின் பட்டை இன்னும் அங்கேதான் இருந்தது.

மறப்பி வந்து ஆறு வருடமாகிறது. நாம் செய்த ஒன்றைப் பற்றிய நினைவுகளை மட்டும் பிரித்து ஒரு வில்லையில் ஒதுக்கி வைக்கும். பிறகு திருப்பித் தரும். சமையல்காரர்கள் தங்கள் சாம்பாரை விருந்தாளியாக ருசி பார்க்கிறார்கள். கவிஞர்கள் தங்கள் கவிதையைப் படித்துத் திடுக்கிடுகிறார்கள். இதில் ஊருக்கே நன்மை. சரவணம்பட்டியில் இரண்டே பேராக விளையாட்டுக் கம்பெனி நடத்தும் இந்தத் தோழிகளும், வெளியீட்டுக்கு முன் ஒரு வெளியாள் பார்வை கிடைக்கட்டும் என்று அதை எடுத்து வந்திருந்தார்கள்.

ஒதுக்கியதைத் திருப்பி ஏற்ற, மறந்த ஆளின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். மறப்பதற்கு முன் போட்ட கையெழுத்து செல்லாது. உள்ளே இருப்பது எப்படிப்பட்ட நினைவு என்று அவரவர் குரலிலேயே பதிந்து வைத்ததைக் கேட்கச் செய்துவிட்டுத்தான் சம்மதம் கேட்கலாம். மறுத்தால் வில்லை அழிந்துவிடும்.

ஜெசிந்தா பதிவைப் போட்டாள். செந்தாமரையின் குரல் எரிந்து விழுந்தது.

"மூணு வருஷமாச்சு. ஒரு நாள் ஒழுங்காத் தூங்கல. இதைத் தொறந்தாலே எல்லாம் தப்புத் தப்பாத் தெரியுது. குப்பை."

செந்தாமரைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இவளுக்கு என்ன தெரியும்?"

"அடியே, அது நீதான்டி."

"எனக்கு இது உசுரா இருக்கு ஜெசி. அதைத் திருப்பி ஏத்திக்கிட்டா பிடிக்காமப் போயிரும், இல்ல?"

ஜெசிந்தாவுக்குப் பொய் வரவில்லை. "போயிரும்."

"அப்புறம் எதுக்கு?"

"பொங்கலுக்குள்ள இன்னும் இருபது நிலை தரணும். என்கிட்ட நிரல் இருக்கு. யோசனை உன் தலைக்குள்ள மட்டுந்தான் இருந்துச்சு. கம்பெனியே அதுலதான் நிக்குது."

"நான்தானே செஞ்சேன்? மறுபடியும் செய்வேன். இந்தத் தடவை சந்தோஷமாச் செய்யறேன்."

மறுப்புப் பொத்தானில் விரலை வைத்தாள். வில்லை ஒரு முறை சிணுங்கி அணைந்தது. ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடமாக அந்தச் சிடுமூஞ்சியோடுதான் அவள் மதியச் சாப்பாட்டைப் பங்கிட்டுத் தின்றிருக்கிறாள்.

செந்தாமரை உற்சாகமாகப் பன்னிரண்டாம் நிலைக்கு உட்கார்ந்தாள். கட்டில் வரைந்தாள், அழித்தாள். மாடிப்படி வரைந்தாள், அதையும் அழித்தாள். மனதில் பட்டதெல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றுகூடப் புதிராகவில்லை.

"அவ எப்படித்தான்டி யோசிச்சா?" என்று மூன்றாம் வாரம் கேட்டாள்.

"தெரியாது. யோசிக்கறப்ப என்னைப் பேசவே விடமாட்டா."

பொங்கலுக்குப் பதினோரு நிலைகளோடு மட்டும் விளையாட்டு வெளியானது. ஊரெல்லாம் நாற்பது நிமிடம் அழுதது. செய்தவருக்கு என்று கடிதங்கள் வந்து குவிந்தன. பீரோவை விட்டவர்கள், தையல் மிஷினை விட்டவர்கள், எதையும் விட மனமில்லாமல் அங்கேயே நிறுத்தியவர்கள், எல்லோரும் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: அடுத்தது எப்போது?

செந்தாமரை ஒன்று விடாமல் படித்தாள். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, செய்தவருக்கு அவளும் அதையே எழுதி அனுப்பினாள்.