கடைசிக் கூண்டு

படகு கடல் மீன்பண்ணையின் மிதவைப் பலகையில் முட்டி நின்றதும், அவளுக்குக் கைகொடுக்காமல் கணவன் கடைசிக் கூண்டுக்கு ஓடினான். தினமும் அப்படித்தான்.

அந்தக் கூண்டில் ஒரே ஒரு பெரிய கொடுவா மீன். அவனுடைய முதல் மனைவி குஞ்சிலிருந்து வளர்த்தது. அவள் இதே பலகையில் வழுக்கிக் கடலில் விழுந்தாள். உடல் கிடைக்கவில்லை. அதன்பின் அந்த மீன் அவன் கையால் மட்டுமே தின்றது.

"அண்ணி, உங்க சக்களத்தி ரெண்டு நாளா பட்டினி," என்று அந்த மீனைக் காட்டிச் சிரித்தான் வலை கழுவுகிறவன்.

அவள் சிரிக்கவில்லை.

மீன் நோய் படித்தவள் அவள். எல்லாக் கூண்டிலும் ஒட்டுண்ணி பரவியிருந்தது. கண்ணில் ஒட்டும் தட்டைப் புழு. கண்ணாடி மாதிரி; கடலுக்குள் தெரியவே தெரியாது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் மீனை முக்கினால் புழு வெளுத்து உதிரும். விட்டுவிட்டால் மீன் குருடாகிச் சாகும்.

"முதல்ல இவளைப் பாரு." கணவன் மீனைத் தூக்கி, அதன் கண்ணோடு தன் கன்னத்தை ஒட்டிக்கொண்டான்.

அவளை ஒருநாளும் அப்படி அணைத்ததில்லை.

"வரிசையா வரட்டும்," என்றாள்.

மாலையில் அந்த மீனின் முறை வந்தது. அவளுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீர் மிச்சமிருந்தது.

"தண்ணி தீர்ந்துபோச்சுங்க. நாளைக்குப் பார்க்கலாம்."

அவன் நம்பினான். அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் காலை கூண்டு காலி. வலையில் ஓட்டை இல்லை. காற்று நின்றிருந்தது. அழுகிய பாசியின் வாடை.

கணவன் பலகையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். "மணல் விழுந்த மாதிரி உறுத்துது."

அவள் குடிதண்ணீர் பாட்டிலைச் சரித்து அவன் கண்ணைக் கழுவினாள்.

வெள்ளையாக ஒன்று அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது.

நெளிந்தது.

மனிதர் மேல் இது ஒட்டாது. அப்படித்தான் படித்திருந்தாள்.

அவன் நிமிர்ந்தான். இரண்டு கண்ணும் வெந்த மீனின் கண்ணாய் வெளுத்திருந்தன. முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் பார்க்காத மலர்ச்சி.

"வந்துட்டியா?"

"இங்கதானே இருக்கேன்," என்று கிசுகிசுத்தாள்.

"உன்னை இல்ல."

அவள் முதுகுக்குப் பின்னால், காய்ந்த பலகையில், தண்ணீர் சொட்டியது. அடுத்த சொட்டு இன்னும் கிட்டத்தில். பிடரி குளிர்ந்தது. திரும்ப முடியவில்லை.

கணவன் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அந்த வெள்ளைக் கண்களை அவள் பக்கம் திருப்பினான்.

"டிரம் நிறையத் தண்ணி இருந்துச்சாமே?"