இளகாத கூழ்

போன் அடித்தது.

மருந்துக்கடைக்காரி எடுத்தாள். மறுமுனையில் அழுகை.

"அக்கா... அவர் மெஷின் மேலேயே மயங்கி விழுந்துட்டார். ஐ.சி.யூ.ல வச்சிருக்காங்க..."

அச்சகக்காரரின் மனைவி.

கணையத்தில் ஆபரேஷன் ஆனவர் அச்சகக்காரர். மூன்று மாதமாக அவருக்கு என்சைம் காப்ஸ்யூல் போவது இந்தக் கடையிலிருந்துதான்.

ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் கவுண்ட்டரில் ஒரு பாட்டில் 'டொக்'கென்று வந்து உட்கார்ந்தது.

வைத்தவர் இன்ஸ்பெக்டர்.

"போனை வைங்க. இது நீங்க வித்ததா?"

லேபிளில் அவளுடைய கையெழுத்து. மறுக்க முடியாது.

"நான்தான் சார்."

"எழுபது கிலோ ஆள் இப்ப நாற்பத்தொண்ணு. மூணு வேளையும் சாப்பிட்டிருக்கார். மாத்திரையும் தவறலை. போலி மருந்துன்னு அவரோட தம்பி புகார் குடுத்திருக்கார்."

பதினாறு வருஷக் கடை. 

"சார், இது தெம்புக்குப் போடற சத்து மாத்திரை இல்லை. நமக்கெல்லாம் கணையம் என்சைம் சுரந்து சாப்பாட்டை உடைச்சுக் குடுத்துடும். அவருக்குச் சுரக்காது. இந்தக் காப்ஸ்யூல்தான் அவருக்குக் கணையம். இது இல்லைன்னா எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது."

"அப்போ இது போலிதானே? லேப் ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க ஸ்டேஷன்ல..."

"அரை மணி நேரம் குடுங்க சார்."

கடையின் பின்னறையில் சோளமாவைக் கெட்டியாகக் காய்ச்சினாள். இரண்டு டம்ளரில் ஊற்றினாள். விரல் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்தாள்.

"ஏன் ஆற வைக்கறீங்க?"

"கொதிக்கற சூட்டுல என்சைம் செத்துடும் சார்."

அலமாரியிலிருந்து அதே பேட்ச் நம்பரில் சீல் உடைக்காத பாட்டில். அதில் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்து முதல் டம்ளரில் கொட்டிக் கலக்கினாள். இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒன்று... இரண்டாவதில்.

கடிகாரம் நகர மாட்டேன் என்றது.

பத்தாவது நிமிஷம் முதல் டம்ளரைச் சாய்த்தாள். கூழ் தண்ணீராக ஓடியது.

இரண்டாவதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"வீட்டுக்குப் போனப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க. வீட்டுல தம்பியும் மனைவியும்தான். மாத்திரை எடுத்துக் குடுக்கறது மனைவி. கதை முடிஞ்சுது."

"முடியலை சார். ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு நான் பேசறேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

ஆஸ்பத்திரி வராந்தா. கணவனின் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு மனைவி. சுவரில் சாய்ந்தபடி தம்பி.

"நல்லா மாட்டுச்சா சார் இந்தப் பொம்பளை?" என்றான் தம்பி.

மருந்துக்கடைக்காரி அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"பாட்டில்ல இருந்த காப்ஸ்யூலைப் பிரிச்சுப் பூச்சிமருந்தை அடைச்சிருக்காங்க. சாப்பிட்டவருக்கு மட்டும் ஆபத்தில்லை. அடைச்சவங்க விரல் வழியாவும் ஏறியிருக்கும். ஒரு மணி நேரத்துல மாற்று மருந்து ஏத்தலைன்னா உயிர் தங்காது."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

மனைவி பாய்ந்து போய் ஐ.சி.யூ. கதவைத் தட்டினாள்.

"டாக்டர்... அவருக்கு முதல்ல ஏத்துங்க டாக்டர்... கதவைத் திறங்க..."

தம்பி நகரவில்லை. தன் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்தான். பேண்ட்டில் தேய்த்தான். மறுபடி பார்த்தான்.

"மைதாவுல எப்படி சார் பூச்சிமருந்து வரும்? புது பாக்கெட்தானே பிரிச்சேன்..."



சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

மிச்சத்தைக் கக்க வைக்க இன்ஸ்பெக்டருக்கு அதிக நேரம் ஆகவில்லை. குடித்துவிட்டுக் காரோட்டி ஒரு சைக்கிள்காரரைக் கொன்றவன் தம்பி. பக்கத்து சீட்டில் இருந்தவர் அண்ணன். கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டார். விசாரணை செவ்வாய்க்கிழமை.

அசல் காப்ஸ்யூலை மருந்துக்கடைக்காரி கையோடு கொண்டுவந்திருந்தாள். டாக்டர் வாங்கிக்கொண்டார். பிழைத்துக்கொள்வார், தேற நாளாகும் என்றார்.

மனைவி அவள் தோளில் சாய்ந்தாள்.

"என் கையாலதானே அக்கா குடுத்தேன்... மூணு மாசமா... வேளா வேளைக்கு..."

இதற்கு அவள் கடையில் மருந்தில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஜீப் உறுமியது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஒரே நாள்ல கேஸை முடிச்சுட்டீங்க. நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்."

"எனக்கு ஒத்துவராது சார். எங்க கடையில எல்லாத்துக்கும் காலாவதி தேதி உண்டு. உங்க கேஸுக்கு அது கிடையாதே."