ஷட்டருக்குள் ஞாயிற்றுக்கிழமை

ஆட்டோவில் எஃப்.எம். பாடிக்கொண்டிருந்தது. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, "கடைகண்ணி எல்லாம் மூடிக் கெடக்குற இந்த அமைதியான ஞாயித்துக்கிழமைய எப்படிக் கழிக்கப் போறீங்க?" என்று ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். பிரியாணி சாப்பிட்டுத் தூங்கப் போவதாக ஒருவர் சொன்னார். குடும்பத்தோடு மலை சுற்றப் போவதாக இன்னொருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேரடி வீதியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. பாத்திரக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை எல்லாம் சாத்தியிருந்தன. கோயில் பக்கம் பூ விற்கிற இரண்டு பேரைத் தவிர வீதியில் ஆள் இல்லை. எங்கள் ஜவுளிக்கடையின் ஷட்டரிலும் 'ஞாயிறு விடுமுறை' என்று முழ நீள எழுத்தில் எழுதியிருக்கிறது. அது துணி வாங்க வருகிறவர்களுக்கு. எங்களுக்கு ஷட்டரை இடுப்பளவு தூக்கிவிடுவார்கள். குனிந்து உள்ளே போனதும் இறக்கி, வெளியே பூட்டுப் போட்டுவிடுவார்கள். கைபேசியை வாசலிலேயே ஒரு டப்பாவில் வாங்கி, வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

அந்த எழுத்தைக் காட்டித்தான் எங்களோடு வேலை செய்த மதிவதனியின் பெயரைக் கெடுத்தார்கள். நானும் அதற்கு உடந்தை.

இரண்டு வருஷம் முன்னால், ஒரு கத்திரி வெயில் ஞாயிறு. காய்ச்சலோடு வந்த மதி இரண்டாவது மாடியில் சேலை அடுக்கும்போது சுருண்டு விழுந்தாள். மேலாளர் சகாதேவன் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் ஐந்து பேர் ஷட்டரை அடி அடியென்று அடித்தோம். மற்ற நாளாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரன் ஓடி வந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை யார் இருக்கிறார்கள் கேட்க? சகாதேவன் வருவதற்குள் அவள் போய்விட்டாள். அவளைப் பின்படி வழியாக இறக்கி, பூட்டியிருந்த பின்கதவைத் திறந்து, பின்சந்தில் கிடத்தினார்கள். கடை லீவு, அவள் இங்கே வரவேயில்லை என்று போலீஸிடம் சொன்னார் சகாதேவன். எங்களைக் கேட்டபோது நாங்களும் தலையாட்டினோம். வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த பெண், மூடிய கடைத்தெருவில், சந்தில் கிடந்தாள். அதற்கு மேல் ஊர் சும்மா இருக்குமா? எவனோடோ போனாள் என்றது. அந்தப் பேச்சைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. இருந்த வேலை போய்விடும் என்ற பயம்.

நான் ஆட்டோவில் வந்து இறங்கிய இந்த ஞாயிறு, ஆடித் தள்ளுபடிக்கு விலைச்சீட்டு மாற்றும் வேலை. பன்னிரண்டு மணி வாக்கில் மற்றவர்களைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் கடையில் நிறுத்தினார் சகாதேவன்.

"ரெண்டாவது மாடி பட்டு செக்சன் மொத்தமும் நீ பாத்துடு ஆதி. நான் சாப்ட்டு வந்துடுறேன்."

"தனியாவா சார்? பூட்டாமப் போங்க சார்."

"தெறந்து போட்டா ஜனங்க உள்ள வந்துடும். ரெண்டு மணிநேரம் தானே. இன்னா ஆயிடப் போவுது?"

இன்னா ஆயிடப் போவுதாம். மாடி ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடாது, ஏ.சி. ஓடாது. நீளமான அந்தத் தளத்துக்கு ஒரே ஒரு டியூப்லைட். மேசைக்கு அந்தப் பக்கம், வாடிக்கையாளர் உட்காரும் குஷன் நாற்காலி வரிசை இருட்டில் கிடந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனையும் அந்துருண்டை வாசனையும் மூச்சை அடைத்தன. வேலை செய்கிற பெண்களுக்கும் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்த வருஷம் எங்களுக்கும் நாற்காலி வாங்கினார்கள். அவை மாடிப்படிக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடக்கின்றன.

நின்றபடியே சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"அரக்குல கொஞ்சம் காட்டுங்க."

"வாங்கம்மா, உக்காருங்க. எந்த ரேஞ்சுல பாக்குறீங்க?" என்றேன்.

பதினைந்து வருஷப் பழக்கம். தூக்கத்தில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியிலிருந்து நாலு அரக்குப் பட்டை உருவி மேசைமேல் விரித்தேன். "இது புது டிசைன்மா, ஜரிகை ஜாஸ்தி."

"வேற காட்டுங்க."

இன்னும் மூன்று விரித்தேன். முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டினேன். அப்போதுதான் தைல வாசனை வந்தது. கால்வலிக்கு நாங்கள் எல்லாரும் தேய்த்துக்கொள்ளும் தைலம். வாடிக்கையாளர் எவரும் அந்த வாசனையோடு வந்ததில்லை.

கை நின்றது.

ஷட்டர் பூட்டியிருக்கிறது.

நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகம் இருட்டில் இருந்தது. டியூப்லைட் வெளிச்சம் அவள் மடிவரைக்கும்தான் எட்டியது. நீலச் சேலை, மஞ்சள் கரை. எங்கள் கடைச் சீருடை. கழுத்திலிருந்து அடையாள அட்டை தொங்கியது. நீட்டியிருந்த கால்கள் கணுக்காலில் வீங்கி, நரம்பு புடைத்துக் கறுத்திருந்தன.

அந்தக் கால்களை எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ நாள் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

"மதி..."

"நின்னு நின்னு கால் கடுக்குதுக்கா. அதான் உக்காந்தேன்."

நான் அலமாரியோடு ஒட்டி நின்றேன்.

"எங்க அம்மாவ ஊர்ல இன்னா கேக்குறாங்கனு தெரியுமாக்கா? ஞாயித்துக்கிழம உம் பொண்ணு எவன்கூடப் போனானு கேக்குறாங்க."

பயத்துக்கு நடுவிலும் எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவளுக்கு வருகிற கோபம்தான் அது.

"எங்கிட்ட ஏன் வர்ற? அந்த சகாதேவன்கிட்டப் போய்க் கேளு. நான் ஒருத்தி சொல்லியிருந்தா மட்டும் ஆயிடுமா? என் வேலையும் போயிருக்கும்."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு எங்கூட ஒரே டப்பாவுல சாப்பிட்டதில்லையேக்கா."

சுருக்கென்று தைத்தது. அவள் குரல் மாறியது.

"வேற காட்டு."

எனக்குப் பின்னால் அலமாரியில் ஒரு சேலை தானாக நழுவி விழுந்தது.

"வேற."

இன்னொன்று.

சர்ரென்று மடிப்புக் கலைகிற சத்தம். அலமாரி அலமாரியாகப் பட்டுகள் சரிந்து தரையில் விரிந்தன. யாரோ ஆத்திரத்தில் இழுத்து இழுத்துப் போடுவது தெரிந்தது. இழுக்கிற கை மட்டும் தெரியவில்லை. நாற்காலியில் இருந்தவள் அசையவேயில்லை.

நான் ஓடினேன். படிகளில் தடுக்கி விழுந்து, எழுந்து, கீழே வந்து ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தேன். வெளியே ஒரு பைக் நிற்காமல் போனது. ஒரு குழந்தை எங்கோ சிரித்தது. மறுபடி அமைதி. எவ்வளவு அழகான அமைதி. அதற்குள் நின்றுகொண்டு நான் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு வருஷம் முன்பும் இப்படித்தான் கத்தினேன். அன்றைக்கு மேலே தரையில் கிடந்தவள் இதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருப்பாள் என்று இப்போதுதான் தோன்றியது. அடித்த கை தளர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஷட்டர் ஏறியபோது மணி இரண்டு இருக்கும். பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார் சகாதேவன்.

"வேலைய உட்டுட்டு இங்க இன்னா உக்காந்துனு இருக்கற? எழுந்திரு."

நான் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திருன்றேன்ல."

மேலேயிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் அதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"வேற காட்டுங்க."

பல்குச்சி அவர் வாயிலேயே நின்றது.

"யாரு மேல? யார உள்ள உட்ட?"

"கடை இன்னிக்கு லீவாச்சே சார். யாரு இருக்கப் போறாங்க? போய்ப் பாருங்க."

அவர் படிவரை போனார். ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். மேலே நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். வைத்த காலை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் வேர்வை வழிந்ததைப் பார்க்க எனக்குப் பரிதாபம் வரவில்லை. அவர் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து என் கைபேசியை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போற?"

"நீங்க சொல்ல வேண்டியத சொல்லப் போறேன்."

"வேலை போயிடும் ஆதி. யோசிச்சுக்க."

"போவட்டும்."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து மதியின் ஊருக்கு ஷேர் ஆட்டோ. ஊரே மதியச் சாப்பாடு முடிந்து கிடந்தது. மதியின் அம்மா ராணியம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழவில்லை.

"அம்மா, உள்ள போய்ப் பேசலாமா?"

"ஏன், இங்க பேசுனா இன்னா?"

"மதியப் பத்தி..."

"எம் பொண்ணப் பத்தி ஊரே தெருவுலதான பேசிச்சு. நீயும் தெருவுலயே சொல்லு. சத்தமாச் சொல்லு."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்த ஒருவர் தலையைத் தூக்கினார். தெரு நடுவில் போய் நின்றேன்.

"அன்னிக்கு மதி கடைக்குத்தான் வந்தா. ரெண்டாவது மாடியில, காய்ச்சலோட, வேலை செஞ்சுனே உழுந்து செத்தா. வெளிய பூட்டியிருந்தாங்க. அப்பறம் அவங்கதான் தூக்கினு போய் சந்துல போட்டாங்க. நான் கூடத்தான் இருந்தேன். நான் பொய் சொன்னேன்."

எதிர்வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு போலீஸ் ஸ்டேசன்லயும் வந்து சொல்றேம்மா" என்றேன்.

ராணியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தலையைத் திருப்பி வீட்டுக்குள் எதையோ உற்றுக் கேட்டார். பிறகு எழுந்து வாசற்படிக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

உள்ளே தைல வாசனை.

கதவு வழியாக விழுந்த வெயிலில் பாயின் நுனி தெரிந்தது. பாயில் நீட்டியபடி, வீங்கிய இரண்டு கால்கள். முழங்காலுக்கு மேலே இருட்டு.

ராணியம்மாள் என் வாயைப் பொத்தினார். அவர் குரலில் பயம் துளியும் இல்லை.

"சத்தம் போடாத. ஞாயித்துக்கிழம இந்நேரத்துக்கு அவ வீட்டுக்கு வந்ததே இல்ல."