இரண்டு முறை பின் அடித்த உறை

தென்கொரியாவின் மொக்போ துறைமுகச் சந்தையில் கடல்பாசிக் கடைக்கு மேல்மாடியில்தான் போங் ஜேஹியின் அறை. நகரச் சுகாதார அலுவலகத்தில் மருந்துப் பிரிவு விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு உதவியாக இருந்த யோம் கப்சுன் அதற்கு நேர் எதிர். அந்த ஊரில் பல வருஷம் டாக்சி ஓட்டிய பெண்மணி. யார் வீட்டுச் சண்டையும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

அன்று காலை நல்ல மழை. குடையை மடக்கக்கூட மறந்தவராக உள்ளே வந்தார் தக் யோன்ஹி. சந்தை முனையில் சின்ன மருந்துக்கடை வைத்திருப்பவர்.

"மேடம், என் கடைய மூடப் போறாங்க," என்றார் நின்றபடியே. "கருவாட்டுக் கடை பியோ கில்சு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அவருக்கு டாக்டர் சீட்டு இல்லாம நான் தைராய்டு மாத்திரை கொடுத்தேனாம். அவர் மகன் புகார் கொடுத்திருக்கான். நாளைக்கு விசாரணை."

"கொடுத்தீங்களா?"

"ஒரு மாத்திரைகூடக் கொடுக்கல. டாக்டரோட சண்டை போட்டுக்கிட்டு அந்த மனுஷன் ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்ல. சீட்டு இல்லாம நான் எப்படிக் கொடுப்பேன்? கடைசியா என்கிட்ட வாங்கினது சளி மருந்து. அதுவும் குளிர்காலத்துல."

"அப்புறம் எப்படி உங்க மேல பழி?"

யோன்ஹியின் முகம் சுருங்கியது. "மாத்திரை இருந்தது என் கடை உறையில. உறை மேல இருக்கிற கையெழுத்தும் என்னோடதுதான். அதுதான் எனக்கும் புரியல."

"என்னக்கா இது, கையெழுத்த ஒத்துக்கிட்டு குத்தத்த மறுக்கிறாங்க!" என்றாள் கப்சுன்.

"பொய் சொல்றவங்க முதல்ல கையெழுத்தத்தான் மறுப்பாங்க, கப்சுன். டாக்சிய எடு."

சுகாதார அலுவலகத்தில் ஜேஹியிடம் தொழில் பழகியவர்கள் இன்னும் இருந்தார்கள். மறுபேச்சில்லாமல் புகாரோடு வந்த பொருட்களை மேஜையில் வைத்தார்கள். ஒரு வெள்ளைக் காகித உறை. மேலே பச்சை எழுத்தில் கடையின் பெயர், அதன் கீழே பேனாவால் 'பியோ கில்சு' என்ற எழுத்து. 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்' என்று அச்சிட்ட இரண்டு கட்டங்களில் பின் என்பதில் ஒரு டிக். உள்ளே மாத்திரை அட்டைகள். எல்லா அட்டையிலும் எட்டு எட்டுக் குழி. ஒவ்வொன்றிலும் ஒரு முனை மட்டும் கத்திரியால் வெட்டியதுபோல் இருந்தது. பெயரோ கம்பெனியோ எங்கும் இல்லை.

"பரிசோதனையில என்ன வந்தது?" என்று கேட்டார் ஜேஹி.

"தைராய்டு மருந்துதான் மேடம். ஆனா அளவு ரொம்ப அதிகம். கொஞ்ச நாள் தொடர்ந்து சாப்பிட்டா யாருக்கும் நெஞ்சு படபடக்கும்," என்றார் அதிகாரி.

ஜேஹி உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மடித்த வாயில் ஸ்டேப்ளர் பின் ஒன்று. அதன் பக்கத்திலேயே இரண்டு சின்ன ஓட்டைகள். இருந்த பின்னுக்கும் காகிதத்துக்கும் நடுவே ஏதோ வெள்ளியாக மினுங்கியது.

"செதிலு!" என்றாள் கப்சுன், மூக்கை அருகில் கொண்டுபோய். "நெத்திலி வாசனை அடிக்குது, அக்கா. இந்தச் சந்தையில எதுலதான் அடிக்காது?"

"மருந்துக்கடையில அடிக்காது," என்றார் ஜேஹி.

மழை விட்டிருந்தது. யோன்ஹியையும் ஏற்றிக்கொண்டு கருவாட்டுக் கடைக்குப் போனார்கள். பியோ கில்சு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். கருவாட்டுக் கடையின் உள்ளறையில், சூடேற்றிய தரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி பாங் இன்சுக் சோற்றுக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். மகன் ஹன்சோல், யோன்ஹியைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்தீங்க? எங்கப்பா செத்திருந்தா?"

"உக்காருப்பா," என்றார் ஜேஹி. "கோபப்பட உனக்கு உரிமை இருக்கு. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த மாத்திரைய யார் வாங்கிட்டு வந்தது?"

"அம்மா. இவங்க மனசு எறங்கிக் கொடுத்ததாச் சொன்னாங்க."

இன்சுக் கரண்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யோன்ஹி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

ஜேஹி நோயாளியின் பக்கம் திரும்பினார். "ஐயா, மாத்திரைய எப்பச் சாப்பிட்டீங்க?"

"உறையில போட்டபடி, காலைச் சோத்துக்கு அப்புறம்," என்றார் கில்சு. "தக் அம்மா டிக் போட்டா அதுதான் எனக்கு வேதம்."

"அட்டையில எத்தனை மாத்திரை இருந்துச்சு?" ஜேஹி அதை இன்சுக்கைப் பார்த்து, கஞ்சியில் உப்பு போதுமா என்று கேட்பதுபோல் கேட்டார்.

"பத்து," என்றாள் இன்சுக்.

"எட்டுடி," என்றார் கில்சு. "உனக்கு என்னைக்குத்தான் எண்ணத் தெரிஞ்சுது? மீதி உதிரியா ஒரு காகிதத்துல மடிச்சு இருந்துச்சே."

கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் தட்டி நின்றது.

ஜேஹி அவர்கள் எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு உறையைப் பற்றி மட்டும் சொல்லத் தொடங்கினார்.

"தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல சாப்பிடணும். தக் அம்மாவுக்கு அது தெரியாம இருக்குமா? சாப்பாட்டுக்குப் பின்னுன்னு அவங்க டிக் போட்டது வேற மருந்துக்கு. குளிர்காலத்துச் சளி மருந்து. உறை அவங்களோடதுதான், எழுத்தும் அவங்களோடதுதான். உள்ள இருந்ததுதான் மாறிடுச்சு. ஒரு தடவை மருந்துக்கடையில பின் அடிச்சாங்க. அதைப் பிரிச்ச ஓட்டை இன்னும் இருக்கு. ரெண்டாவது தடவை நெத்திலிச் செதில் பறக்குற இடத்துல அடிச்சிருக்காங்க. அப்போ பழைய உறைய எடுத்து வெச்சது இந்த வீடுதான்."

"அப்ப நான்தான்னு சொல்றீங்களா?" ஹன்சோல் சீறினான்.

"நீ இல்ல. நீ அட்டைய எட்டாத்தான் பார்த்திருக்க, அப்பாவும் அப்படித்தான். முனைய வெட்டுறதுக்கு முன்னாடி பார்த்தவங்களுக்குத்தான் அது பத்து. வெளிநாட்டு எழுத்து தெரியக் கூடாதுன்னு வெட்டினவங்களுக்கு."

இன்சுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"போன்ல வாங்கினேன்," என்றாள். "தைராய்டு குறைச்சல்ல கையும் காலும் வீங்கி, வெயில்லயும் குளிருதுன்னு போத்திக்கிட்டுக் கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, அந்த டாக்டர் மூஞ்சில முழிக்க மாட்டேன்னாரு. தக் அம்மா கடையில போய் அழுதேன். சீட்டு இல்லாம முடியாது, அவரக் கூட்டிட்டு வா, நானும் கூட வர்றேன்னு சொன்னாங்க. அன்னிக்கே போன்ல தேடினேன். ஒரு தளத்துல சீட்டே வேணாம்னு போட்டிருந்தான். தக் அம்மா கொடுத்ததுன்னாத்தான் இவர் சாப்பிடுவாருன்னு அந்த உறையில போட்டேன். இவர் விழுந்தப்புறம் உண்மைய சொல்ல வர்றதுக்குள்ள, பையன் புகார் கொடுத்துட்டு வந்துட்டான். அப்புறம் வாயே வரல."

அவள் ஜேஹியை நிமிர்ந்து பார்த்தாள். "நெத்திலிய நாங்களே போன்ல விக்கிறோம். அரிசி, செருப்பு எல்லாம் அதுலதான் வருது. மருந்து மட்டும் ஏன் கூடாது?"

"நம்ம நாட்டுச் சட்டப்படி மருந்த மருந்தாளர்தான் விக்கணும், அதுவும் கடையில வெச்சுத்தான். போன்ல விக்கிறது குத்தம்," என்றார் ஜேஹி. "உங்களுக்கு வித்தவன் எங்கயோ கடல் தாண்டி இருக்கான். ஐயாவுக்கு எவ்வளவு தேவைன்னு அவன் கேட்டானா? வெறும் வயித்துல போடணும்னு சொன்னானா? இந்த அம்மா மாட்டேன்னு சொன்னாங்க. ஆனா கூட வர்றேன்னும் சொன்னாங்க."

கப்சுன் யோன்ஹியைப் பார்த்தாள். "இவங்க வந்து அழுதத எங்ககிட்ட ஏம்மா சொல்லல? அந்த ஒரு வார்த்தையில உங்க கடை தப்பிச்சிருக்குமே!"

"என் கடையில ஒருத்தர் அழுதத வெளிய சொல்ல மாட்டேன்," என்றார் யோன்ஹி.

ஜேஹி எழுந்து, யோன்ஹிக்கு இடுப்பு வளையத் தலை வணங்கினார். அவர் அப்படி யாருக்கும் வணங்கிக் கப்சுன் பார்த்ததில்லை.

"நீங்க அலுவலகத்துக்கு எதுவும் எழுத வேணாம், மேடம்," என்றாள் இன்சுக், ஏப்ரனை அவிழ்த்தபடி. "நானே போறேன். நடந்தத நான்தான் சொல்லணும்."

மறுநாள் விசாரணைக்கு அவளே போனாள். மீதி அட்டைகளையும் போனையும் அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவளைக் கண்டித்து அனுப்பினார்கள். யோன்ஹி மேலிருந்த புகார் நீங்கியது. அந்த இணையதளத்தை முடக்க அன்றே மேலிடத்துக்குத் தகவல் போனது. திரும்பும் வழியில் இன்சுக் மருந்துக்கடை வாசலில் நின்றாள். சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, நான்கு பேர் காதில் விழும்படி மன்னிப்புக் கேட்டாள். ஹன்சோலும் அவளுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றான்.

யோன்ஹி கடைக்கதவைப் பூட்டிவிட்டு வந்தார். "சரி, அவரக் கூப்பிடு. போவோம்."

கில்சு வழி நெடுகத் திட்டிக்கொண்டேதான் வந்தார். டாக்சியைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், கப்சுன் வண்டி ஓட்டும் லட்சணத்தைத் திட்டினார். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பக்கம் மனைவியையும் மறுபக்கம் யோன்ஹியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ரத்தம் எடுக்க வந்த நர்சிடம் கேட்டார்:

"எந்தக் கையில எடுக்கணும்?"